சிப்பிப் பாறைகளின் வழியே

நாகர்கோவிலிலிருந்து முட்டம் போகும் பேருந்தில் கடைசி சில கிலோமீட்டர் தென்னையும் செம்மண் மேடுமாகக் கழியும். பிறகு சாலை சரிந்து இறங்க, கலங்கரை விளக்கமும் அதன் காலடியில் கடலுக்குள் இறங்கும் கரும்பாறைகளும் ஒன்றாகக் கண்ணில் படும். தமிழ்நாட்டுக் கடற்கரை ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் நீண்டது. அதில் பெரும்பகுதி மணல். ஆறு கலக்கும் இடங்களில் சேறும் அலையாத்திக் காடும். கெட்டிப் பாறை நேராகக் கடலில் இறங்கி நிற்கும் கரை குமரி மாவட்டத்தில்தான் அதிகம். மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்கோடியில் இருக்கும் அதே பழம்பாறை இனங்கள் இங்கே முட்டத்திலும் கடியப்பட்டணத்திலும் குளச்சலுக்கு மேற்கேயும் அலைக்கு நடுவே தலைநீட்டிக்கொண்டிருக்கின்றன.

முட்டத்தைச் சினிமா பார்த்தவர்கள் அறிவார்கள். 1981இல் வந்த பாரதிராஜாவின் ‘அலைகள் ஓய்வதில்லை’ இந்தப் பாறைகளை ஊர் ஊராகக் கொண்டுபோய்ச் சேர்த்தது. இன்றும் ஞாயிற்றுக்கிழமை மாலையில் குடும்பம் குடும்பமாக வந்து பாறை உச்சியில் நின்று படம் எடுக்கிறார்கள். உச்சியிலிருந்து பார்த்தால் பாறை வெறும் பாறைதான். அதன் உயிரெல்லாம் அடியில், அலை ஏறி இறங்கும் அந்தக் குறுகிய பட்டையில் இருக்கிறது. மாசி அமாவாசையை ஒட்டிய நாள் ஒன்றில், கடல் நன்றாக வற்றும் நேரம் பார்த்து அங்கே இறங்கினேன்.

இந்தக் கரையில் கடல் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள உயர வித்தியாசம் ஒரு மீட்டர்கூட வராது. அந்த ஒரு மீட்டருக்குள் உயிர்கள் அடுக்கடுக்காக இடம் பிரித்துக்கொண்டிருக்கின்றன. எல்லாவற்றுக்கும் மேலே, சாரல் மட்டும் எட்டும் இடத்தில், பாறை வெடிப்புகளுக்குள் மிளகு அளவு நத்தைகள். வெயில் ஏறியதும் ஓட்டின் வாயை மூடிக்கொண்டு, தம் கோழையாலேயே பாறையோடு ஒட்டிக்கொண்டு, நாள்கணக்கில் தண்ணீர் இல்லாமல் தாக்குப்பிடிக்கும். அதற்குக் கீழே பார்னக்கிள்கள். நுனி வெட்டிய கூம்பு மாதிரி சாம்பல் நிறத்தில், கால் வைத்தால் உள்ளங்காலைக் கிழிக்கும். நண்டு, இறால் இனத்தைச் சேர்ந்த பிராணி அது. குஞ்சாகக் கடலில் மிதந்து அலையும்போது தன் இனத்தார் ஏற்கெனவே குடியிருக்கும் பாறையைத் தேடிக் கண்டுபிடித்து, தலையைப் பாறையில் ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய பிறகு சாகும்வரை இடம் மாற வழியில்லை. தண்ணீர் ஏறும்போது கூம்பின் கதவைத் திறந்து இறகு போன்ற கால்களை வெளியே நீட்டி, வருவதை வாரி உள்ளே இழுக்கும். வருவது எதுவானாலும்.

அதற்கும் கீழே கூம்பு ஓடு போட்ட லிம்பெட் நத்தைகள். இரவில் அலை நனைக்கும்போது பாசி மேயப் போய்விட்டு, ஓட்டின் விளிம்பு பதிந்து தேய்ந்த தன் பழைய இடத்துக்கே திரும்பி வந்து உட்காரும் வகைகள் இதில் உண்டு. பிறகு பச்சைப் பாசி. வற்றத்திலும் ஈரம் காயாத கடைசி அடுக்கில் பழுப்புச் சிப்பிகள் தோளோடு தோள் நெருக்கிக் கிடக்கும். அவற்றுக்கும் கீழே, தண்ணீருக்குள், சர்காசம் பாசியும் கடல் முள்ளெலிகளும். யார் எந்த அடுக்கில் இருப்பது என்பதை வெயிலும் பக்கத்து வீட்டுக்காரரும் சேர்ந்து முடிவு செய்கிறார்கள் என்பதை 1961இல் சூழலியலாளர் ஜோசப் கானெல் ஸ்காட்லாந்தின் கம்ப்ரே தீவுப் பாறைகளில் பார்னக்கிள்களை வைத்தே காட்டினார். எவ்வளவு உயரம் ஏறலாம் என்பதை வெயிலில் காய்வதும், எவ்வளவு கீழே இறங்கலாம் என்பதை அண்டைவாசியின் நெருக்கலும் தீர்மானிக்கின்றன. கல்லூரியில் சூழலியல் படித்தவர்கள் எல்லாரும் கடந்து வந்த பாடம் அது. முட்டத்தில் முழங்கால் மடக்கி உட்கார்ந்தால் பாடம் கண்ணெதிரே கிடக்கிறது.

அப்படி உட்கார்ந்திருந்தபோதுதான் பிளாஸ்டிக்கும் அதே போல அடுக்கு பிடித்திருப்பது புலப்பட்டது.

மேலடுக்கில், நத்தைகளின் வெடிப்புகளில், காற்றும் பேரலையும் தூக்கிப் போட்டவை: தெர்மோகோல் பெட்டியின் உடைந்த மூலைகள், ரப்பர் செருப்பு, தண்ணீர் பாட்டில் மூடிகள், ஷாம்பு பாக்கெட், ஐஸ்கிரீம் கரண்டி. எல்லாம் மிதக்கும் சரக்கு, அல்லது மேலே நின்று படம் எடுத்தவர்கள் விட்டுப்போனது. நடு அடுக்கில், பார்னக்கிள்களுக்கு இடையில், சிறிய சரக்கு. கீழடுக்கில் கயிறும் வலையும். இது தற்செயல் இல்லை. பாலித்தீனும் பாலிபுரோப்பிலீனும் கடல்நீரைவிட லேசு. மிதந்து வந்து மேலே ஒதுங்கும். வலை நெய்யும் நைலான் கடல்நீரைவிடக் கனம். அறுந்தால் மூழ்கும், மூழ்கி அடியில் இருக்கும் பாரில், அதாவது கடலடிப் பாறைத் திட்டில், சிக்கும், அங்கிருந்து அலை இழுத்துவந்து சிப்பிகளின் மேல் போடும். இரண்டு அடுக்குப் பட்டியல்களையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்தால், பாறையில் பிளாஸ்டிக் எட்டாத உயிர் ஒன்றும் மிச்சமில்லை.

நடு அடுக்கைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். ஒரு சாண் அகலப் பிளவு ஒன்றில் பார்னக்கிள்கள் நெருக்கியடித்து வளர்ந்திருந்தன. அவற்றுக்கு நடுவே இருந்த பள்ளங்களில் துவரம்பருப்பைவிடச் சற்றுச் சிறிய வெள்ளை உருண்டைகள். சில பளபளப்பு மாறாதவை, சில பழுத்து மஞ்சளானவை. விரல் நகத்தால் நெம்பினால் ஒன்றிரண்டு வந்தன, மற்றவை வரவில்லை. அவை அங்கே வந்து சிக்கிய பிறகு பக்கத்துப் பார்னக்கிள்கள் வளர்ந்து இரு பக்கமும் பூட்டிவிட்டன. ஒன்றை எடுக்க வேண்டுமென்றால் உயிரோடு இருக்கும் பிராணியை உடைத்துத்தான் எடுக்க வேண்டும். விட்டுவிட்டேன்.

அவை பிளாஸ்டிக் குருணைகள். வாளி, குடம், பை என்று நாம் வாங்கும் எல்லாப் பிளாஸ்டிக்குக்கும் மூலச்சரக்கு. தொழிற்சாலையில் உருக்கி வார்ப்பதற்காக மூட்டை மூட்டையாகக் கப்பலில் போவது. விழிஞ்சத்திலிருந்து கொச்சிக்குப் போய்க்கொண்டிருந்த எம்.எஸ்.சி. எல்சா 3 என்ற சரக்குக் கப்பல் 2025 மே 24 அன்று கேரளக் கடலில் ஒரு பக்கமாகச் சாய்ந்து, மறுநாள் மூழ்கியது. கப்பலில் இருந்த 24 பேரும் மீட்கப்பட்டார்கள். அதிலிருந்த 640 பெட்டகங்களில் சிலவற்றில் இந்தக் குருணை இருந்தது. கேரள அரசு அதை மாநிலப் பேரிடராக அறிவித்தது. தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கும் அந்தச் சமயத்தில் மேற்குக் கரையோரக் கடல்நீர் தெற்கு நோக்கி ஓடி, குமரிமுனையைச் சுற்றிக் கிழக்கே திரும்பும். மீனவர்கள் நீவாடு என்று சொல்லும் அந்த ஓட்டம் மூட்டைகளையும் குருணைகளையும் திருவனந்தபுரம் கரைக்கும், அடுத்து குமரி மாவட்டத்துக்கும், அப்பால் தனுஷ்கோடிக்கும் கொண்டுவந்து சேர்த்தது. ஒரு மூட்டை 25 கிலோ. ஒரு மூட்டையில் ஏறத்தாழ பத்து லட்சம் குருணை.

மணலில் ஒதுங்கியதைத் தொண்டர்களும் மாணவர்களும் சல்லடை வைத்துச் சலித்தார்கள். வெயிலில் குனிந்து செய்த அந்த வேலைக்கு நான் தலைவணங்குகிறேன். 2021இல் கொழும்புக்கு வெளியே எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் எரிந்து மூழ்கியபோது 1,680 டன் அளவு குருணை கடலில் கலந்தது. இலங்கையின் மேற்குக் கரை மக்கள் மாதக்கணக்கில் இதே போலச் சலித்தார்கள். ஆனால் சல்லடை மணலுக்கான கருவி. பாறையைச் சலிக்க முடியாது. முட்டத்தின் அந்தப் பிளவில் இருந்தவை எல்சா கப்பலின் சரக்கா, அதற்கும் முன்னால் ஏதோ ஒரு கப்பலிலிருந்தோ ஆலையிலிருந்தோ சிந்தியதா என்று பார்வையால் சொல்லிவிட முடியாது. மஞ்சளானவை பழையவை என்று மட்டும் சொல்லலாம். பழையது என்பது மோசமானது என்றே பொருள்படும். கடலில் கிடக்கக் கிடக்கக் குருணை நீரில் கரைந்திருக்கும் நச்சுகளைத் தன்மேல் இழுத்துச் சேர்த்துக்கொள்ளும். ஜப்பானில் ஹிதேஷிகே தகாடா 2005இலிருந்து உலகமெங்கும் உள்ளவர்களைக் கடற்கரைக் குருணை பொறுக்கி அனுப்பச் சொல்லி, அதில் ஒட்டியிருக்கும் பூச்சிமருந்து எச்சங்களையும் தொழிற்சாலை நச்சுகளையும் அளந்து வருகிறார். கடலின் அசுத்தத்தை அளக்கும் கருவியாகவே அது பயன்படுகிறது என்றால் எவ்வளவு உறிஞ்சுகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

முட்டத்திலிருந்து கடியப்பட்டணம் கூப்பிடு தூரம். வள்ளியாறு கடலில் கலப்பது இங்கேதான். சிப்பி எடுப்பவர்கள் இந்தக் கரையின் பல ஊர்களில் இருக்கிறார்கள். பருத்த பழுப்புச் சிப்பி கன்னியாகுமரியிலிருந்து கொல்லம் வரையிலான பாறைக் கரைக்கே சிறப்பாக உரியது. மழைக்காலக் கொந்தளிப்பு அடங்கி, கடல் தெளிந்து அடி தெரியத் தொடங்கியதும் ஆட்கள் இறங்குவார்கள். முகக்கண்ணாடி, இரும்பு உளி, இடுப்பில் ஒரு வலைப்பை. ஆக்சிஜன் உருளை கிடையாது. மூச்சை அடக்கி மூழ்கி, அலை இழுக்கும் பாறையில் ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறு கையால் கொத்த வேண்டும்.

கரையேறி உட்கார்ந்திருந்த ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தேன். ஐம்பது வயதைத் தாண்டியவர். உப்பு காய்ந்த தோளில் துண்டு. பையைக் கவிழ்த்துக் கொட்டியதில் பாதி சிப்பி, பாதி வேறு சரக்கு. தங்கூஸ் வலையின் துண்டு ஒன்று சிப்பிக் கொத்துக்குள் நுழைந்து, அவற்றின் நாரோடு நாராகப் பின்னிக் கிடந்தது.

“இத எதுக்கு அண்ணே மேல கொண்டு வந்தீங்க?”

“நான் எங்க கொண்டு வந்தேன் சாரே? சிப்பி கூட அதுவும் வருது. மொதல்ல வலைய அறுக்கணும், பெறவுதான் சிப்பி. மூச்சு பாதி அதுக்கே போவும்.”

“கையில சிக்குமா?”

“கை சிக்கினா பரவாயில்ல, உளியால அறுத்துரலாம். காலு சிக்கப்பிடாது.” கொஞ்ச நேரம் கழித்து அவரே தொடர்ந்தார். “பண்டு பாருல வலை கிழிஞ்சா எடுத்துத் தைப்போம். இப்ப புதுசு வாங்குகது லாபம். கிழிஞ்சது அங்கதான் கெடக்கும்.”

அந்தக் கொத்தைக் கையில் வாங்கிப் பார்த்தேன். சிப்பி பாறையைப் பிடிப்பது தன் காலிலிருந்து சுரக்கும் நார்களால். ஒவ்வொரு நாரின் நுனியிலும் ஒரு சிறு பசைத் தட்டு. கடல்நீரில், அலையடியில், ஈரப்பாறையில் ஒட்டும் அந்தப் பசையை மனிதன் இன்னும் முழுதாகச் செய்து முடிக்கவில்லை. ஒரு சிப்பி பாறையை மட்டும் பிடிப்பதில்லை, பக்கத்துச் சிப்பியையும் பிடிக்கும். நார்களுக்கு நடுவில் புழுக்கள், பொடி நண்டுகள், குஞ்சு நத்தைகள் எல்லாம் வெயிலுக்கும் அலைக்கும் ஒதுங்கி வாழும். என் கையில் இருந்த கொத்தில் ஒரு நாரின் பசைத் தட்டு பாறைத் துணுக்கில் ஒட்டாமல் பச்சைத் தங்கூஸ் நரம்பில் ஒட்டியிருந்தது. பேரலை அந்த வலையை இழுத்தால் வலையோடு சிப்பியும், சிப்பியோடு அண்டையாரும் பிய்ந்து போவார்கள்.

கண்ணுக்குத் தெரியும் இந்தக் கேட்டைவிடத் தெரியாதது பெரிது. சிப்பி மணிக்கு லிட்டர் கணக்கில் நீரை உள்வாங்கி வடிகட்டி உண்ணும். 2004இல் ஆய்வாளர் ரிச்சர்ட் தாம்ப்சன் பிரிட்டன் கரைகளின் மணலிலும் சேற்றிலும் கண்ணுக்கு எட்டாத பிளாஸ்டிக் நிறைந்திருப்பதைக் காட்டி, அதற்கு மைக்ரோபிளாஸ்டிக் என்ற பெயரைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். பார்னக்கிள்கள் அதை உண்கின்றன என்பதும் அதே ஆய்வில் வந்தது. நான்கு ஆண்டுகள் கழித்து, அவரும் பங்கேற்ற இன்னொரு ஆய்வில் சிப்பி விழுங்கிய நுண்துகள் குடலைத் தாண்டி அதன் ரத்தச் சுற்றுக்குள் போய், 48 நாட்களுக்குப் பிறகும் அங்கே இருந்தது. 2019இல் டானியல் கிரீன் வெளியிட்ட ஆய்வுதான் என்னை மிகவும் பாதித்தது. வட அயர்லாந்தின் போர்ட்டஃபெரியில் நீலச் சிப்பிகளை 52 நாட்கள் பாலித்தீன் துகள் கலந்த நீரில் வைத்துப் பார்த்தார்கள். அவை குறைவான நார்களே சுரந்தன; பிடிப்பின் வலு ஏறத்தாழ பாதியாகிவிட்டது. பாறைக் கரையில் பிடிப்பு போனால் உயிர் போனது. ஆனி ஆடிக் கடல் குமரிக் கரையில் எப்படி அடிக்கும் என்று தெரிந்தவர்களுக்கு இந்தப் ‘பாதி’ என்ன என்பது விளங்கும்.

அது வேறு நாட்டு, வேறு இனச் சிப்பி என்று ஆறுதல் கொள்ளலாம். ஆனால் இந்தக் கரைச் சிப்பியும் பிரேசில், தென்னாப்பிரிக்கக் கரைகளின் பழுப்புச் சிப்பியும் ஒரே இனம் என்கிறது மரபணு ஆய்வு. அந்தப் பிரேசில் சிப்பியை வைத்து 2016இல் ஓர் ஆய்வு வந்தது. குருணையைக் கடல்நீரில் ஊறவைத்து, குருணையை எடுத்துவிட்டு, அந்த நீரில் மட்டும் சிப்பிக் குஞ்சுகளை வளர்த்தார்கள். ஆலையிலிருந்து வந்த புதுக் குருணை ஊறிய நீரிலேயே குஞ்சுகள் கோணலாக வளர்ந்தன. கடற்கரையில் பொறுக்கிய குருணை ஊறிய நீர் அதைவிடக் கொடிதாக இருந்தது. விழுங்கவே வேண்டாம், பக்கத்தில் கிடந்தாலே போதும். முட்டத்துப் பிளவில் பார்னக்கிள்கள் பூட்டி வைத்திருக்கும் குருணைகள் ஒவ்வொரு அலைக்கும் அப்படித்தான் ஊறிக்கொண்டிருக்கின்றன. மேலடுக்கு நத்தைகளும் தப்பவில்லை. லோராங் சோய்ரோன் 2018இல் வெளியிட்ட ஆய்வில், கரையில் எடுத்த குருணை ஊறிய நீரில் இருந்த பாறை நத்தைகள் நண்டின் வாடையை அறிந்து ஒளிந்துகொள்ளும் எச்சரிக்கையை இழந்தன.

கடியப்பட்டணத்திலிருந்து மணவாளக்குறிச்சி, மண்டைக்காடு வழியாகக் குளச்சல். நடுவில் மணல் கரை, வேகமாகக் கடந்துவிட்டேன். குளச்சலுக்கு மேற்கே கொடிமுனை, வாணியக்குடி, குறும்பனை, மிடாலம், இனயம் என்று ஊர்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கின்றன. இங்கே இயற்கைப் பாறையோடு இன்னொரு பாறைக் கரையும் சேர்ந்துவிட்டது. கடலரிப்பைத் தடுக்கவும், குறிப்பாக 2004 சுனாமிக்குப் பிறகு வீடுகளைக் காக்கவும், மலைகளை உடைத்துக் கொண்டுவந்து கொட்டிய அலைத் தடுப்புச் சுவர்களும் தூண்டில் வளைவுகளும்தான் அவை. அவை வேண்டும், வீட்டு வாசலில் கடல் வந்து நிற்பவர்களிடம் போய் வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். சில ஆண்டுகளில் பார்னக்கிளும் சிப்பியும் அந்தக் கற்களிலும் குடியேறிவிட்டன. ஆனால் இயற்கைப் பாறையில் வெடிப்பு விரல் அகலம் என்றால், கொட்டிய கல்லில் ஆள் நுழையும் சந்து. அந்தச் சந்துகள் கடலும் ஊரும் சேர்ந்து நிரப்பும் கிடங்குகளாகிவிட்டன. குனிந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். மூன்று நான்கு அடி ஆழத்துக்குத் தெர்மோகோல், பாட்டில், கயிற்றுச் சுருள், நாப்கின், மருந்துப் பட்டை. ஒவ்வொரு அலையும் உள்ளே வந்து அவற்றைக் கல்லோடு உரசித் திரும்புகிறது. வெயில் பிளாஸ்டிக்கை நொறுங்கும் பக்குவத்துக்குக் கொண்டுவருகிறது, கல் அரைக்கிறது, அலை அள்ளிக்கொண்டு போகிறது. கடலில் மைக்ரோபிளாஸ்டிக் எங்கிருந்து வருகிறது என்று கேட்பவர்களை இந்தச் சந்துகளுக்கு அழைத்து வர வேண்டும். திருகைக்கல் ஓயாமல் சுற்றிக்கொண்டிருக்கிறது.

குறும்பனைக்கு அருகே ஒரு தனிப்பாறையின் சரிவில், இடுப்பளவு உயரத்தில், உள்ளங்கை அகலத்துக்கு நீலக் கறை ஒன்று இருந்தது. பெயிண்ட் என்று நினைத்துச் சுரண்டினேன். செதிலாக வந்தது, வளைந்தது. பக்கத்துப் பிளவில் அதே நீலத்தில் கயிற்றின் மிச்சம். போர்ச்சுக்கலின் மதேரா தீவுப் பாறைகளில் 2016இல் ஆய்வாளர்கள் இப்படி ஒன்றைக் கண்டு, 2019இல் விவரித்து எழுதினார்கள்: அலையில் அடிபடும் பாலித்தீன் சரக்கு பாறையில் உரசி உரசி மேற்பூச்சாகவே படிந்துவிடுகிறது, பாசி மேயும் நத்தைகள் அந்தப் பூச்சின் மேலும் ஊர்கின்றன. இத்தாலியின் ஜிலியோ தீவிலும் பிறகு கண்டார்கள். குறும்பனையில் நான் பார்த்தது அதுதானா என்பதை ஆய்வகம்தான் உறுதி செய்ய வேண்டும். உள்ளூர்க் கல்லூரி விலங்கியல் மாணவர்கள் யாராவது ஒரு பருவம் இதையே எடுத்துச் செய்தால் நல்ல ஆய்வேடாக அமையும். குமரி மாவட்டத்தில் கல்லூரிகளுக்குப் பஞ்சமில்லை, பாறைகள் பேருந்து தூரத்தில் இருக்கின்றன.

இன்னும் சற்று மேற்கே, வலை எரித்த தடம். கிழிந்த வலையை வாங்க ஆளில்லை, வைக்க இடமில்லை. பாறை மேல் குவித்துத் தீ வைத்திருக்கிறார்கள். நைலான் உருகி வழிந்து, சிப்பி ஓட்டையும் மணலையும் பொடிக்கல்லையும் இறுகப் பிடித்து, கறுத்த கட்டியாகப் பாறையோடு ஒன்றியிருந்தது. சுத்தியலால் தட்டினால்கூடப் பாறையின் தோல்தான் பெயரும். ஹவாயின் கமிலோ கடற்கரையில் 2014இல் பட்ரீஷியா கோர்க்கரன் குழுவினர் இத்தகைய கட்டிகளுக்குப் பிளாஸ்டிகுளோமரேட் என்று பெயர் வைத்தார்கள். நம் அந்தமானின் ஏவிஸ் தீவிலும் பதிவாகியிருக்கிறது. இன்னும் பல ஆயிரம் ஆண்டுகளுக்குப் பிறகு நிலத்தைத் தோண்டுபவர்கள் நம் காலத்தை அடையாளம் காண இந்தக் கட்டிகள் உதவும் என்கிறார்கள் நிலவியலாளர்கள். எரித்தவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வேறு என்ன செய்திருக்க முடியும் அவர்களால்?

தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தி எறியும் 14 வகைப் பிளாஸ்டிக்குத் தடை இருக்கிறது. பாறை உச்சியில் கண்காணிப்பு இருந்தால் மேலடுக்கு ஓரளவு தேறும். நடு அடுக்குக்கும் கீழடுக்குக்கும் அந்தத் தடை எட்டாது. குருணை மூட்டை ஆபத்தான சரக்காக முறையாக நடத்தப்படுவதில்லை. தளத்தின் அடியில், நல்ல கட்டுக்குள், அடையாளம் தெரியும்படி ஏற்றுங்கள் என்று சர்வதேசக் கடல்சார் அமைப்பு 2024இல் சொன்னது பரிந்துரை மட்டுமே. கட்டாயமாக்க வேண்டும். விழிஞ்சம் துறைமுகம் குமரி எல்லைக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. பெரிய பெரிய பெட்டகக் கப்பல்கள் இந்தக் கரையைத் தாண்டித்தான் இனி போகும், வரும். அடுத்த கப்பல் சாயும்போது சல்லடையோடு ஓடுவதற்குத் தயாராக இருப்பது போதாது. கடற்கரைத் தூய்மைப் பணி என்று நாம் நடத்துவதெல்லாம் மணல் பணி. பாறைக்கு ஆட்கள் போவதில்லை; போனாலும் கொத்தி எடுத்தால் பார்னக்கிளும் சிப்பியும் சேர்ந்து அழியும். பாறையைப் பொறுத்தவரை வந்து சேர்ந்த பிறகு செய்ய ஏறக்குறைய ஒன்றுமில்லை. வருமுன் தடுப்பதுதான் வேலை முழுவதும்.

கடைசியாகத் தேங்காப்பட்டணம். குழித்துறை ஆறு கடலில் கலக்கும் முகத்துவாரமும் மீன்பிடித் துறைமுகமும் அருகருகே. பாறைகளுக்குப் பிளாஸ்டிக் போய்ச் சேரும் இரண்டு வாசல்கள் அவை. ஆற்றில் ஊர்களின் குப்பை வருகிறது. அதற்கு ஊராட்சிகள் பொறுப்பு. துறைமுகத்தின் கதை வேறு. அங்கே ஒரு ஓரத்தில் மலையாகக் கிடந்த பழைய வலையைப் பற்றிக் கேட்டபோது, வலை தைத்துக்கொண்டிருந்த பெரியவர் நிமிராமலே சொன்னார்: “ஆக்கர்காரன் ஈயக்குண்டைத்தான் கேப்பான். வலையக் கேக்க மாட்டான்.”

பழைய சாமான் வாங்கும் ஆக்கர்காரனைக் கேட்க வைக்க முடியும். நைலான் உருக்கி மறுபடி நூலாக்கக்கூடிய சரக்கு. மிதவையையும் ஈயத்தையும் பாலித்தீன் கயிற்றையும் பிரித்து வைத்தால் விலை உண்டு. சென்னை காசிமேட்டில் பழைய வலை வாங்கும் மையம் நடக்கிறது. இதே சிப்பிக் கரையின் மறுகோடியில், கொல்லத்தின் நீண்டகரையில், 2017இலிருந்து வலையில் சிக்கும் பிளாஸ்டிக்கை மீனவர்கள் கடலில் திருப்பிப் போடாமல் கரைக்குக் கொண்டுவருகிறார்கள். பெண்கள் பிரித்துச் சுத்தம் செய்கிறார்கள். பொடித்துச் சாலை போடுகிறார்கள். குளச்சலுக்கும் தேங்காப்பட்டணத்துக்கும் வேண்டியது எடை போட ஒரு தராசு, மழை நனையாத ஒரு கொட்டகை, வாரம் ஒருமுறை வரும் ஒரு லாரி. மேற்குக் கரையில் மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. படகுகள் கரையேறி, வலைகள் பிரிக்கப்பட்டு, கிழிந்தவை கழிக்கப்படுவது அப்போதுதான். தராசு மே மாதத்துக்குள் அங்கே இருக்க வேண்டும்.